செவ்வாயில் விளைந்த கதை

ஒரு நூலை எழுதி முடிப்பது ஒரு வேலை. அதனைப் படிப்போர் கையில் சேர்ப்பது மற்றொரு வேலை. இந்த இரண்டாவது வேலையைப் பெரும்பாலும் பதிப்பகங்களே செய்கின்றன. எழுத்தாளர் தம் படைப்பை அனுப்புவார். பதிப்பகத்தார் அதனைப் படித்துப் பார்த்து ஏற்பர் அல்லது மறுப்பர். அமெரிக்காவில் பெரிய பதிப்பகங்கள் எழுத்தாளரிடமிருந்து நேரடியாகப் படைப்புகளைப் பெறுவது அரிது. இலக்கிய முகவர் ஒருவர் இடையில் நின்று பேச வேண்டும். இந்த வாயில் திறக்காதபோது எழுத்தாளர் தாமே தம் நூலை வெளியிடுவதும் உண்டு. அவ்வாறு வெளியிட்டு உலகப் புகழ்பெற்ற ஆன்டி வியர் என்னும் அறிவியல் புனைகதை ஆசிரியரைப் பற்றி இப்பாடத்தில் காண்போம்.

முதல் முயற்சி

ஆன்டி வியர் 1972ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பிறந்தார். அவருடைய தந்தை இயற்பியலாளர், தாய் மின்பொறியாளர். தந்தை சேர்த்து வைத்திருந்த அறிவியல் புனைகதை நூல்களைப் படித்து அவர் வளர்ந்தார். பதினைந்தாம் வயதிலேயே ஓர் ஆய்வுக்கூடத்தில் கணினி நிரல் எழுதும் பணியில் சேர்ந்தார். கல்லூரியில் கணினி அறிவியல் பயின்றார். எனினும் பட்டம் பெறவில்லை. பின்னர்ப் பல நிறுவனங்களில் நிரலாளராகப் பணியாற்றினார்.

1999ஆம் ஆண்டில் அவர் பணியாற்றிய நிறுவனம் ஆட்குறைப்புச் செய்தது. வியரும் வேலையை இழந்தார். ஆனால், தம்மிடம் இருந்த நிறுவனப் பங்குகளை விற்றதில் சில ஆண்டுகள் வேலையின்றி வாழப் போதுமான பணம் அவருக்குக் கிடைத்தது. எழுத்தாளராக வேண்டும் என்ற நெடுநாள் விருப்பத்தை நிறைவேற்ற இதுவே தக்க காலம் என்று கருதினார். மூன்று ஆண்டுகள் முயன்று நாவல் எழுதினார். அதனை ஏற்க முகவரும் முன்வரவில்லை, பதிப்பகமும் முன்வரவில்லை. வியர் மீண்டும் நிரல் எழுதும் வேலைக்கே திரும்பினார்.

ஆயினும் எழுதுவதை அவர் விட்டுவிடவில்லை. பகலில் அலுவலகப் பணி செய்தார்; ஓய்வு நேரத்தில் கதை எழுதினார். எழுதியவற்றை யாவரும் இலவசமாகப் படிக்குமாறு தம் இணையதளத்தில் வெளியிட்டு வந்தார். ஏறத்தாழப் பத்து ஆண்டுகளில் மூவாயிரம் பேர் அளவுக்கு நிலையான வாசகர்கள் சேர்ந்தனர். ஒரு நாட்டின் புத்தகச் சந்தையோடு ஒப்பிட்டால் இது சிறிய எண்ணிக்கைதான். பின்னாளில் அவருக்குத் துணை நின்றவர்கள் அந்தச் சிலரே.

ஒரு வினாவிலிருந்து ஒரு நாவல்

மனிதர்களைச் செவ்வாய்க் கோளுக்கு அனுப்பும் பயணம் ஒன்றை வியர் தம் மனத்துள் திட்டமிட்டுப் பார்த்தார். இடையில் ஏதேனும் பழுதுபட்டால் பயணிகள் எவ்வாறு உயிர் பிழைப்பர் என்ற வினா எழுந்தது. அவ்வினாவே 'தி மார்ஷியன்' என்னும் நாவலாக வளர்ந்தது. 'செவ்வாய்வாசி' என்பது அப்பெயரின் பொருள். 2009ஆம் ஆண்டு முதல் ஒவ்வோர் அத்தியாயமாக அதனைத் தம் இணையதளத்தில் அவர் வெளியிட்டார்.

கதைத்தலைவன் மார்க் வாட்னி ஒரு தாவரவியலாளன், பொறியாளனும் ஆவான். புயலில் அவன் இறந்துவிட்டதாக எண்ணிய தோழர்கள் செவ்வாயை விட்டுப் புறப்பட்டு விடுகின்றனர். தனித்து விடப்பட்ட அவனிடம் குறைந்த அளவு உணவே உள்ளது. அங்குள்ள உருளைக்கிழங்குகளை நட்டு உணவு விளைவிக்க அவன் முடிவு செய்கிறான். பயிருக்கு நீர் வேண்டும். நீருக்கு எங்கே போவது? தரையிறங்கும் கலத்தில் ஹைட்ரசீன் என்னும் எரிபொருள் எஞ்சியிருக்கிறது. இரிடியம் உலோகத்தின் மீது அதனைச் செலுத்தினால் அது நைட்ரஜனாகவும் ஹைட்ரஜனாகவும் பிரியும். அந்த ஹைட்ரஜனை ஆக்சிஜனில் எரித்தால் நீர் உண்டாகும். பள்ளி வேதியியல் பாடம் இங்கே ஒருவனது உயிரைக் காக்கும் கருவியாகிறது. கணக்கில் சிறு தவறு நேர்ந்தாலும் அவன் இருக்கும் கூடாரமே வெடித்துவிடும். கதையின் விறுவிறுப்பு இதனால் பிறக்கிறது.

பிழை திருத்திய வாசகர்கள்

பதிப்பகம் ஏற்ற நூலை அங்குள்ள பதிப்பாசிரியர் படித்துப் பிழை திருத்துவார். வியருக்கு அத்தகைய துணை இல்லை. விண்கலம் செல்லும் பாதையைக் கணக்கிடத் தாமே ஒரு கணினி நிரல் எழுதினார். இருப்பினும் எல்லாத் துறைகளையும் ஒருவரே அறிந்திருக்க இயலாதன்றோ? அவருடைய வாசகருள் அறிவியல் கற்றோர் பலர் இருந்தனர். வேதியியல் செய்திகளில் இருந்த தவறுகளை வேதியியலாளர்கள் சுட்டிக்காட்டினர். வியர் அவற்றை மனமுவந்து ஏற்றுத் திருத்தினார்.

ஒரு பிழையை மட்டும் அவர் தெரிந்தே விட்டுவைத்தார். செவ்வாயின் காற்றழுத்தம் புவியின் காற்றழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்கைவிடக் குறைவு. எனவே, கதையில் வருவதுபோல் கலத்தைச் சாய்க்கும் வலிமை அங்கு வீசும் புயலுக்கு இராது. மனிதனுக்கும் இயற்கைக்கும் இடையிலான போராட்டத்தை இயற்கையே தொடங்கி வைக்க வேண்டும் என்று விரும்பியதால் அவர் அவ்வாறு அமைத்தார். பின்னர் இதனை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

99 சென்ட் நூல்

நாவல் முடிந்ததும், மின்னூல் படிக்கும் கருவியில் அதனைப் படிக்க வழிசெய்யுமாறு வாசகர்கள் வேண்டினர். 2011ஆம் ஆண்டில் வியர் அதனைத் தாமே மின்னூலாக வெளியிட்டார். அமேசான் தளத்தின் கிண்டில் பதிப்பை இலவசமாகத் தர இயலாமையால் அங்கு அனுமதிக்கப்பட்ட மிகக் குறைந்த விலையான 99 சென்ட் என்று விலை வைத்தார். ஒரு டாலருக்கும் குறைவான விலை அது. மூன்று மாதங்களில் 35,000 படிகள் விற்பனையாயின. இலவசமாகப் பெற்றவர்களைவிட விலை கொடுத்து வாங்கியவர்களே மிகுதி!

முன்பு முகவர்களைத் தேடி அலைந்தவரை இப்போது முகவரும் பதிப்பகமும் திரைப்பட நிறுவனமும் தேடி வந்தனர். எவரையும் நேரில் காணாமலேயே பேச்சுகள் நடந்தமையால், இது ஏமாற்று வேலையாக இருக்குமோ என்றுகூட வியர் ஐயுற்றார். 2014இல் அச்சு நூல் வெளிவந்தது. 2015இல் ரிட்லி ஸ்காட் இயக்கத்தில் திரைப்படமும் வந்தது.

தாமே வெளியிடுவோர் அறிய வேண்டுவன

மின்னூலுக்குத் தாளும் அச்சும் வேண்டா. ஆதலால் இன்று எவரும் எளிதாக நூல் வெளியிடலாம். ஆனால், பதிப்பகத்தின் பணிகள் அனைத்தும் எழுத்தாளர் தோளில் ஏறுகின்றன. பிழை திருத்துதல், அட்டை அமைத்தல், விலை குறித்தல், நூலைப் பலரும் அறியச் செய்தல் ஆகியவற்றை அவரே பார்த்துக்கொள்ள வேண்டும். தாமே வெளியிடும் எல்லாருக்கும் இத்தகைய வெற்றி கிடைப்பதில்லை. வியரும் அதனை எதிர்பார்த்து எழுதவில்லை. நாவல் எழுதிய காலம் முழுவதும் தம் வேலையை விடாமல் செய்து வந்தார். யாரும் ஏற்காத அந்த நாவலுக்குப் பின்னும் அவர் எழுதிக்கொண்டே இருந்ததால்தான் 'தி மார்ஷியன்' நமக்குக் கிடைத்தது.

சொற்பொருள்

நிரல் – கணினிக்குத் தரும் கட்டளைத் தொகுதி
முகவர் – பிறர் சார்பில் பேசிச் செயலாற்றுபவர்
மனமுவந்து – மகிழ்ச்சியோடு
ஐயுற்றார் – சந்தேகப்பட்டார்

பயிற்சி

1. பிரித்து எழுதுக: மின்னூல், அவ்வினா, எஞ்சியிருக்கிறது.
2. வாட்னி நீர் உண்டாக்கிய முறையை உம் சொற்களில் எழுதுக.
3. வியரின் நூலுக்கு வாசகர்கள் எவ்வெவ்வாறு உதவினர்?
4. தெரிந்தே ஒரு பிழையை விட்டுவைத்தது சரியா? உம் கருத்தைக் காரணத்துடன் கூறுக.
5. நீவிர் செவ்வாயில் தனித்து விடப்பட்டால் முதல் நாளில் என்ன செய்வீர்? பத்து வரிகளில் கதையாக எழுதுக. எழுதியதை நண்பர் ஒருவரிடம் கொடுத்துப் பிழைகளைக் கேட்டறிந்து திருத்துக.