உஷார்! இருமல் நின்றுவிட்டது என்று டி.பி. மாத்திரையை நிறுத்தாதீர்கள்

டி.பி.க்கு மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிவிட்டதா? இருமல் போயிருக்கும், பசி எடுக்கும், எடையும் ஏறியிருக்கும். சளிப் பரிசோதனையில்கூடக் கிருமி இல்லை என்று வந்திருக்கும். ஆபத்தே இங்கேதான். ‘இனி எதற்கு மாத்திரை?’ என்று மிச்ச அட்டைகளை அலமாரியில் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்!

வேகமாகப் பெருகும் கிருமிகள் முதல் சில வாரங்களிலேயே செத்துவிடும். இருமல் அடங்குவது அதனால்தான். நுரையீரலில் உறங்கிக் கிடக்கும் கிருமிகள் சாவதற்கு நாளாகும். மிச்சமுள்ள நான்கு மாதங்கள் அவற்றுக்காக.

ஆறு மாதத்தை நான்காகக் குறைக்கலாமா என்று நோயாளிகளிடமே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மாக்ஸிஃப்ளாக்ஸசின், கேட்டிஃப்ளாக்ஸசின் போன்ற வீரியமான மருந்துகளைச் சேர்த்து நடந்த மூன்று பெரிய ஆய்வுகளின் முடிவுகள் 2014-ல் வெளிவந்தன. மூன்றிலுமே நான்கு மாதத்தோடு நிறுத்தியவர்களுக்குத்தான் நோய் அதிகமாகத் திரும்பியது. 2021-ல் ரிஃபாபென்டின் சேர்ந்த நான்கு மாதக் கூட்டு ஒன்று தேறியது உண்மைதான். ஆனால் அது வேறு மருந்துக் கூட்டு. உங்கள் கையிலிருக்கும் ஆறு மாத மருந்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

அரைகுறை சிகிச்சையில் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். பிரிட்டனில் 1948-ல் வெளியான, டி.பி.க்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியை மட்டும் தந்து பார்த்த ஆய்வைப் பாருங்கள். ஊசி போட்ட 55 பேரில் ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள் 4 பேர். போடாத 52 பேரில் 14 பேர். எவ்வளவு பெரிய நம்பிக்கை! ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தால், இரண்டு தரப்பிலும் பாதிக்கு மேல் இறந்திருந்தார்கள். ஒற்றை மருந்தைக் கிருமி எதிர்த்து நின்றுவிட்டது. இன்று பல மருந்துகளைச் சேர்த்துத் தருவது இதனால்தான்.

சென்னையில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், சானடோரியத்தில் படுக்காமல் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டும் குணமாகலாம் என்று உலகுக்குக் காட்டியது. அங்கேயே பணியாளர்கள் முன்கூட்டிச் சொல்லாமல் வீட்டுக்குப் போய் மிச்ச மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். உடம்பு தேறியதும் மாத்திரையில் அசட்டை வருவது அன்றே இருந்த சிக்கல்.

சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனால் பயப்பட வேண்டாம், அது ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம். ஆனால் கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள். எந்த மருந்தை நிறுத்துவது, மாற்றுவது என்பதை அவர் சொல்லட்டும்.

இன்னொன்று: இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் மெடிக்கலில் கேட்டு லீவோஃப்ளாக்ஸசின் வாங்கிப் போடாதீர்கள். அது டி.பி.யைக் கொஞ்ச நாள் அமுக்கி, கண்டுபிடிப்பதைத் தள்ளிப்போட்டுவிடும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம். சந்தேகம் கேட்க 1800-11-6666, கட்டணமில்லா எண்.

ஏற்கெனவே பாதியில் நிறுத்திவிட்டீர்களா? யாராவது திட்டுவார்களோ என்று தயங்காமல் நாளைக் காலையே போங்கள். அலமாரியில் கிடக்கும் பழைய அட்டையை மட்டும் நீங்களாக எடுத்து மறுபடி ஆரம்பிக்காதீர்கள். எந்த மருந்து இன்னும் வேலை செய்யும் என்று முதலில் சளியைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.