சாட்சியும் சான்றும்: மாற்று மருந்து, கிரிப்டோ நாணயம் – அபாயங்கள், உரிமைகள், தீர்வுகள்

மருத்துவமனையின் மீதும் வங்கியின் மீதும் நம்பிக்கை குறையும்போது, அவ்விரண்டுக்கும் வெளியே வழி தேடுவோர் பெருகுவது இயல்பே. பெரிய மருந்து நிறுவனங்கள் எளிய மருந்துகளை மறைக்கின்றன என்ற எண்ணமும், அரசும் வங்கிகளும் மக்களின் பணத்தைத் தம் பிடிக்குள் வைத்திருக்க விரும்புகின்றன என்ற எண்ணமும் ஒரே மனநிலையிலிருந்து பிறப்பவை. ஆதலால் மாற்று மருந்தைப் பற்றிய விவாதமும் கிரிப்டோ நாணயத்தைப் பற்றிய விவாதமும் பலவேளைகளில் ஒரே கூட்டத்தாரிடையே, ஒரே தொனியில் நடைபெறுகின்றன. மாற்று மருந்து என்பது, நவீன மருத்துவத்தின் சோதனை முறைகளுக்கு உட்படாமல், அதற்குப் பதிலாகவோ துணையாகவோ முன்வைக்கப்படும் மருந்தைக் குறிக்கும். கிரிப்டோ நாணயம் என்பது, எந்த அரசும் வெளியிடாமல், உலகெங்கும் உள்ள கணினிகளில் பகிர்ந்து வைக்கப்பட்ட ஒரு பொதுக் கணக்கேட்டில் மட்டும் பதிவாகும் மின்னணுச் சொத்தைக் குறிக்கும். அக்கணக்கேடே பிளாக்செயின் எனப்படுகிறது.

இந்த ஐயத்துக்கு அடிப்படையே இல்லை என்று ஒதுக்கிவிட இயலாது. வயோக்ஸ் என்ற வலிநிவாரணி, மாரடைப்பு அபாயத்தைக் கூட்டுகிறது என்று தெரிந்ததால் 2004-இல் உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. பெரு வங்கிகளின் பொறுப்பற்ற கடன் வணிகத்தால் 2008-இல் உலகப் பொருளாதாரம் நிலைகுலைந்த சூழலில்தான் பிட்காயினின் வரைவு வெளியாகி, 2009 ஜனவரியில் அது இயங்கத் தொடங்கியது. ஆயினும், மருத்துவரையும் வங்கியையும் கேள்வி கேட்கும் ஒருவர், அவர்களுக்கு மாற்றாக வந்து நிற்பவரிடம் அதே கேள்விகளைக் கேட்காமல் விடும் இடத்தில்தான் ஏமாற்றுக்கு வாசல் திறக்கிறது. கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஏப்ரலில், அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. விடுத்த எச்சரிக்கை இவ்விரு சந்தைகளும் எங்கே கைகோக்கின்றன என்பதைக் காட்டுகிறது: நோயைத் தடுப்பதாகக் கூறும் பொருள்களைக் காட்டி, வாங்க வருவோரை நம்பகமான விற்பனைத் தளங்களிலிருந்து கண்காணிப்பற்ற தகவல் செயலிகளுக்கு இழுத்துச் சென்று, விலையைக் கிரிப்டோ நாணயமாகப் பெற்றுக்கொண்டு, இல்லாத பொருளை விற்கிறார்கள் என்று அது சுட்டிக்காட்டியது.

சாட்சி ஏன் சான்றாவதில்லை

இரு சந்தைகளிலும் முதன்மையான விற்பனைக் கருவி அனுபவ சாட்சியே. மூன்றே நாளில் மூட்டுவலி போயிற்று என்பவரும், மூன்றே மாதத்தில் பணம் இரட்டித்தது என்பவரும் பொய் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. அவர்கள் சொல்வது உண்மையாகவே இருந்தாலும் அது சான்றாகிவிடாது. பல நோய்கள் தாமே தணிபவை. வலி உச்சத்தில் இருக்கும்போதே பலர் புதிய மருந்தை நாடுகிறார்கள் என்பதால், அதன்பின் இயல்பாகக் குறையும் வலியின் பெருமை மருந்துக்குப் போய்ச் சேர்கிறது. அதுபோலவே, விலை ஏறும் பருவத்தில் வாங்கியவர் எவரும் தம்மைத் தேர்ந்த வணிகராகக் கருதிக்கொள்ளக்கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பயன் பெற்றவர் உரக்கப் பேசுகிறார். இழந்தவர் வெட்கத்தால் வாய் திறப்பதில்லை. இறந்தவர் பேசவே இயலாது. பிழைத்தோர் குரல் மட்டும் காதில் விழுவதால் ஏற்படும் இந்தத் தவறான முடிவைப் புள்ளியியலாளர் ‘பிழைத்தோர் சார்பு’ என்பர்.

சான்று என்பது வேறு. மருந்தைப் பெற்றோரையும் பெறாதோரையும் ஒப்பிட்டு, குணமடைந்தோரோடு குணமடையாதோரையும் எண்ணிப் பார்ப்பதே மருத்துவச் சான்று. மரபு மருத்துவம் அத்தகைய சோதனைக்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதற்கு, பழஞ்சீன மருத்துவக் குறிப்பைப் பின்பற்றி மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினின் மருந்தைக் கண்டறிந்த தூ யூயூ 2015-இல் நோபல் பரிசு பெற்றது சாட்சி மட்டுமன்று, சான்றும் ஆகும்.

உடலுக்கு நேரும் அபாயம்

சோதனைக்கு உட்படாத மருந்து எவ்வாறு விற்கப்படுகிறது என்பதை, ‘எம்.எம்.எஸ்.’ என்ற ‘அதிசயக் கனிமக் கரைசல்’ தெளிவாகக் காட்டுகிறது. இதிலுள்ள சரக்கு சோடியம் குளோரைட். சமையல் உப்பாகிய சோடியம் குளோரைடு அன்று. தமிழில் ஓரெழுத்து வேறுபாடே தெரியும் இவ்விரு பெயர்களும் முற்றிலும் வேறான இரு பொருள்களைக் குறிக்கின்றன. சோடியம் குளோரைட்டுடன் சிட்ரிக் அமிலத்தைக் கலந்தால் உண்டாவது குளோரின் டை ஆக்சைடு, அதாவது துணியும் காகிதக்கூழும் வெளுக்கப் பயன்படும் வலிய வெளுப்பான். இதைக் குடித்தவர்களுக்குக் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு, நீரிழப்பால் உயிருக்கு ஆபத்தான இரத்த அழுத்த வீழ்ச்சி, கல்லீரல் செயலிழப்பு ஆகியவை நேர்ந்ததாக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அறிவித்தது. 2010-இலிருந்தே அது எச்சரித்தும் வந்தது. ஆனால் விற்றவர்களில் சிலரோ, வாந்தியும் பேதியுமே மருந்து வேலை செய்வதன் அடையாளம் என்று கூறினர். தீங்கையே குணமாகப் படிக்கக் கற்பிக்கும் இந்தத் தந்திரம், வாங்கியவர் நிறுத்த வேண்டிய வேளையில் மேலும் குடிக்கும்படி செய்கிறது. புளோரிடாவில் ‘ஜெனிசிஸ் டூ’ என்ற பெயரில் திருச்சபை ஒன்றை அமைத்து, இக்கரைசலைப் புற்றுநோய், ஆட்டிசம், கொரோனா உள்ளிட்டவற்றுக்கு மருந்தென்று ‘நன்கொடை’ பெற்று விற்ற மார்க் கிரெனானும் அவருடைய மூன்று மகன்களும் 2023-இல் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டுச் சிறைத்தண்டனை பெற்றனர்.

மூலிகை என்பதாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் இளைப்பதற்கென்று சீன மூலிகைக் கலவையை உட்கொண்ட நூற்றுக்கும் மேற்பட்டோரின் சிறுநீரகங்கள் பழுதுற்றன. ஒரு மூலிகைக்குப் பதிலாக மற்றொன்று கலந்துவிட்டதும், அதிலிருந்த அரிஸ்டோலோக்கிக் அமிலமும் அதற்குக் காரணமெனத் தெரியவந்தது. தமிழகத்தில் ஆடுதீண்டாப்பாளை என்று வழங்கும் செடியும் அவ்வமிலத்தைக் கொண்ட அதே தாவரப் பேரினத்தைச் சேர்ந்ததே. 2004-இல் வெளியான ஆய்வொன்றில், பாஸ்டன் நகரப் பகுதிக் கடைகளில் வாங்கிச் சோதிக்கப்பட்ட 70 ஆயுர்வேதப் பொருள்களில் 14-இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ இருந்தன.

இவற்றினும் பெரிய இழப்பு காலத்தின் இழப்பே. உடலின் பிற பகுதிகளுக்குப் பரவாத நிலையில் புற்றுநோய் கண்டறியப்பட்டும், மாற்று மருத்துவத்தை மட்டுமே தேர்ந்த 281 பேரை ஆராய்ந்து யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவின்படி, அவர்கள் இறக்கும் அபாயம் வழக்கமான சிகிச்சை பெற்றோரைவிட இரண்டரை மடங்காகவும், மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கு மேலாகவும் இருந்தது. குணப்படுத்தக்கூடிய நிலையில் இருந்த நோய், வேறு மருந்தை நம்பிக் காத்திருந்த மாதங்களில் கைமீறிப் போகிறது.

பணத்துக்கு நேரும் அபாயம்

கிரிப்டோ வணிகத்தின் முதல் அபாயம் விலையின் நிலையாமை. 2021 நவம்பரில் ஏறத்தாழ 69,000 டாலரைத் தொட்ட பிட்காயின், அடுத்த நவம்பரில் 16,000 டாலருக்கும் கீழே இறங்கியது. பின்னர் அது மீண்டது உண்மையே எனினும், மகளின் திருமணத்துக்கோ அறுவைச் சிகிச்சைக்கோ அந்த நவம்பரில் பணம் தேவைப்பட்டவருக்கு அந்த மீட்சியால் பயனில்லை. இரண்டாவது அபாயம், திரும்பப் பெற இயலாமை. வங்கிப் பரிமாற்றத்தில் தவறு நேர்ந்தால் முறையிட ஒரு கிளையும் மேலாளரும் உண்டு. பிளாக்செயினில் ஒரு முகவரிக்கு அனுப்பி உறுதியான நாணயத்தை, பெற்றவரே மனம் வைத்துத் திருப்பினாலன்றி, மீட்டுத் தரும் அதிகாரி எவரும் இல்லை. நாணய இருப்பைத் திறக்கும் 12 அல்லது 24 சொற்களாலான மீட்புத் தொடரைப் பிறர் அறிந்துவிட்டால், இருப்பு முழுவதும் அவருடையதாகிவிடும்.

மூன்றாவது அபாயம், நாணயமே இல்லாமல் நாணயம் விற்கப்படுவது. 2014-இல் ருஜா இக்னதோவா தொடங்கி உலகெங்கும் சங்கிலித்தொடர் முகவர்கள் வழியே விற்ற ‘ஒன்காயின்’, உண்மையான பிளாக்செயின் எதுவுமின்றி, நடத்துவோர் விரும்பியபடி ஏற்றிக் காட்டிய வெறும் எண்ணாகவே இருந்தது. கூட்டங்களில் எழுந்து சாட்சி சொன்னவர்கள் பலரும் தாம் ஏமாற்றப்பட்டதை அறியாதவர்களே. 2017-இல் நவி மும்பையில் இதற்கான ஆள்சேர்ப்புக் கூட்டம் நடத்தியோர் கைது செய்யப்பட்டனர். அவ்வாண்டின் இறுதிக்குள் தலைமறைவான இக்னதோவா, 2022-இல் எஃப்.பி.ஐ.யின் முதன்மைத் தேடல் பட்டியலில் சேர்க்கப்பட்டார். தீங்கையே குணமாகப் படிக்கக் கற்பிக்கும் அதே தந்திரம் கிரிப்டோ சந்தையிலும் வேறு உருவில் தோன்றுகிறது: விலை சரியும்போது வெளியேறுவது கோழைத்தனம் என்றும், பிடித்து நிற்பதே நம்பிக்கையின் அடையாளம் என்றும் கற்பிக்கப்படுவதால், நட்டமே உறுதிக்கான சோதனையாகப் படிக்கப்படுகிறது.

சட்டம் தரும் உரிமைகள்

இந்தியாவில் 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம், புற்றுநோய், நீரிழிவு, வலிப்பு உள்ளிட்ட அட்டவணை நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. தாயத்து, மந்திரம் போன்றவற்றுக்கும் அத்தடை பொருந்தும். சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளை விற்பனைக்குத் தயாரிக்க, 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப்பொருள்கள் சட்டத்தின்கீழ் உரிமம் வேண்டும். உரிம எண், தொகுதி எண், சேர்மானங்கள், காலாவதி நாள் ஆகியவை உறையில் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். சிகிச்சை தரும் சித்த மருத்துவர் தமிழ்நாடு சித்த மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவரா என்று கேட்பது அவமதிப்பன்று, நோயாளியின் உரிமை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 இலட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 இலட்சம் வரையும் தண்டம் விதிக்கலாம்; அவ்விளம்பரத்தில் தோன்றிப் பரிந்துரைப்பவருக்கும் இப்பொறுப்பு உண்டு.

கிரிப்டோ நாணயத்தின் நிலை சற்றுச் சிக்கலானது. வங்கிகள் இவ்வணிகத்துக்குச் சேவை வழங்கக் கூடாதென்று ரிசர்வ் வங்கி 2018-இல் பிறப்பித்த ஆணையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் நீக்கியது. ஆயினும் கிரிப்டோ நாணயம் செல்லுபடியாகும் பணமன்று. 2022-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் இதனை ‘மெய்நிகர் டிஜிட்டல் சொத்து’ எனப் பெயரிட்டு, இலாபத்துக்கு 30 விழுக்காடு வரி விதித்தது. ஒரு நாணயத்தில் நேர்ந்த நட்டத்தை மற்றொன்றின் இலாபத்திலிருந்து கழிக்கவும் அது இடம் தரவில்லை. வரி செலுத்தியதால் முதலீட்டுக்கு அரசின் உத்தரவாதம் கிடைத்துவிடாது. 2023 மார்ச்சிலிருந்து, இந்நாணயங்களை வாங்கவும் விற்கவும் இடமளிக்கும் பரிமாற்ற நிறுவனங்கள் மத்திய நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்ய வேண்டும். 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் பரிமாற்ற நிறுவனம் ஊடுருவப்பட்டுப் பெருந்தொகை களவு போனதைத் தொடர்ந்து, சென்னையிலிருந்து முதலீடு செய்த ஒருவர் தொடுத்த வழக்கில், கிரிப்டோ நாணயம் ஒருவர் உடைமையாக வைத்திருக்கத்தக்க சொத்தே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் கூறி, அவருடைய இருப்புக்கு இடைக்காலப் பாதுகாப்பு அளித்தது.

நேர்ந்தபின் செய்யத்தக்கவை

மருந்தால் உடல் கெட்டதாகத் தோன்றினால், அதனை நிறுத்தி, மீதமுள்ள மருந்தையும் அதன் உறையையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்வதே முதல் கடமை. எதை உட்கொண்டோம் என்பதை மருத்துவரிடம் மறைப்பது சிகிச்சையைத் திசை திருப்பிவிடும். மருந்துகளின் பக்கவிளைவுகளை 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். சித்த மருந்துகளாயின், தாம்பரத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும் முறையிடலாம். தவறான விளம்பரத்துக்கும் பொருட்குறைக்கும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் உள்ளது. இழப்பீடு வேண்டுவோர், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுக வேண்டும். செலுத்திய தொகை 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணம் இல்லை.

பணம் பறிபோனதாயின், தாமதமே மோசடியாளருக்குத் துணை. ரூபாய் வங்கிக் கணக்கிலிருக்கும் வரைதான் அதனை முடக்க வழியுண்டு என்பதால், உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைத்து, வங்கிக்கும் அறிவிக்க வேண்டும். நாணயம் சென்ற முகவரி, பரிவர்த்தனை அடையாளக் குறி, உரையாடல்களின் படங்கள், வங்கிக் கணக்கு அறிக்கை ஆகியவற்றை அழிக்காமல் காக்க வேண்டும். பிளாக்செயினில் பதிவு அழியாதிருப்பதால், காவல்துறை பின்தொடர அவையே தடயம். உறுதியான வருவாய் தருவதாகக் கூறி வைப்புத்தொகை திரட்டியோர்மீது, 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் அளிக்கலாம். இழந்த நாணயத்தை மீட்டுத் தருவதாக முன்பணம் கேட்டு வருபவர், பெரும்பாலும் அதே காயத்தில் இரண்டாம் முறை கத்தி வைக்க வருபவரே.

வாங்குமுன் கேட்கத்தக்க கேள்விகள் மருந்துக்கும் நாணயத்துக்கும் பொதுவானவை: இது பயனளிக்கும் என்பதற்குச் சாட்சியைத் தவிரச் சான்று என்ன? பயனடையாதோர் எத்தனை பேர்? தீங்கு நேர்ந்தால் பெயரும் முகவரியும் பதிவு எண்ணும் கொண்டு பொறுப்பேற்பவர் யார்? இக்கேள்விகளுக்கு நேரான விடை தருபவரிடம் பேச்சைத் தொடரலாம்; சினந்து, கேட்பவரின் நம்பிக்கையைக் குறைகூறுபவரிடம் உடலையும் ஒப்படைக்க வேண்டாம், உழைத்துச் சேர்த்த பணத்தையும் ஒப்படைக்க வேண்டாம். ஏமாந்தவர் வெட்கப்பட வேண்டியதில்லை; அவர் அளிக்கும் ஒரு புகாரே, அடுத்து ஏமாற இருப்பவருக்குக் கிடைக்கும் முதல் சான்று.