நிலா வைக்கும் பொறி



அணைத் தண்ணீர் சும்மாதான் கிடக்குதுன்னு நினைக்கிறோம். ஆனால் அதற்குள்ளே தினமும் பொழுது சாய்ந்ததும் ஒரு பெரிய கூட்டம் மேலே ஏறுது, விடியறதுக்குள்ள கீழே இறங்குது. யார் தெரியுமா? விலங்கு மிதவை உயிரிகள்! அதில் ஒன்று டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளு. 2 மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். அது 20 மீட்டர் ஏறினால் தன் உடம்பைப் போல 10,000 மடங்கு தூரம். ஒன்றரை மீட்டர் உயரமுள்ள நான் 15 கிலோமீட்டர் நீந்துவதற்குச் சமம் (கணக்கு நானே போட்டது). அடேயப்பா!

ஏன் இந்தப் பாடு? அதன் உணவான நுண்பாசி, வெளிச்சம் படும் மேல் தண்ணீரில்தான் அதிகம். ஆனா பகலில் அங்கே போனால் மீன் கண்ணால் பார்த்துப் பிடித்துத் தின்றுவிடும். அதனால் ஆழத்து இருட்டில் ஒளிந்துகொள்ளும். அங்கே குளிர், சாப்பாடும் குறைவு, முட்டை வளரவும் நாளாகும். ஆனாலும் பசியைவிட உயிர் பெரிசில்லையா? மீன் இருந்த தண்ணீரை மட்டும் தொட்டியில் ஊற்றினாலே, அந்த வாசனைக்குக் கீழே இறங்கிவிடுமாம்.

இனிதான் நான் சொல்ல வந்த விஷயம். ஆப்பிரிக்காவில் மொசாம்பிக் நாட்டில், ஜாம்பசி ஆற்றின் குறுக்கே கஹோரா பாசா என்று ஒரு பெரிய அணை இருக்கிறது. 1974-ல் தண்ணீர் தேக்க ஆரம்பித்தார்கள். அதில் கபென்டா என்ற மீன் உண்டு. நம்ம நெத்திலி மாதிரி சின்னது. அங்கே மிதவை உயிரிகளின் எண்ணிக்கை மாதம் ஒருமுறை ஏறி இறங்குவதைப் போலந்து விஞ்ஞானி கிளிவிச் கண்டுபிடித்து 1986-ல் எழுதினார். காரணம் நிலா!

எப்படி? பௌர்ணமிக்கு முந்தைய நாட்களில் சூரியன் மறையும்போதே நிலா வானத்தில் இருக்கும். ஏமாற இடமில்லை. பௌர்ணமி முடிந்த பிறகு நிலா தினமும் சுமார் 50 நிமிடம் தாமதமாக உதிக்கும். அப்போ பொழுது சாய்ந்ததும் நல்ல இருட்டு. "பயமில்லை" என்று எல்லாம் மேலே வந்து மேயும். திடீர்னு நிலா வந்துடும்! லைட் போட்ட மாதிரி எல்லாம் தெரியும். ஆழத்துக்கு ஓட நேரமேது? கபென்டாவுக்கு விருந்துதான். பாவம்ல?

இப்படித் தேய்பிறையின் முதல் வாரத்திலேயே கூட்டம் மளமளன்னு குறைஞ்சு போகும். மிச்சம் பிழைத்தவை முட்டையிட்டு மறுபடி பெருகும், அடுத்த பௌர்ணமி வரைக்கும்.

— 9-ம் வகுப்பு மாணவி