நூறு ரூபாய்க்கு சர்க்காரை கோர்ட்டுக்கு இழுத்த சேலத்து வக்கீல்

எங்க சென்னிமலையில விடுதலைப் போராட்டம்னு பேச்செடுத்தா குமரன்ல தொடங்கி குமரன்லயே முடியும். 1904-ல் இங்கே பிறந்தவர், 1932 ஜனவரியில் திருப்பூர் ஊர்வலத்தில் கொடியோடு அடிபட்டு உயிர்விட்டவர். அந்தப் பெருமையில் குறையொன்றும் இல்லை. ஆனால் அதற்குக் கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் முன்னாடி, காவேரிக்கு அந்தப் பக்கம் சேலத்தில் ஒருத்தர் சட்டப் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு சர்க்காரோடு மல்லுக்கட்டி ஜெயித்திருக்கிறார். அவரைப் பற்றி இந்தப் பக்கம் யாரும் பேசிக் கேட்டதில்லைங்க.

பேர் சி. விஜயராகவாச்சாரியார். 1852-ல் செங்கல்பட்டுப் பக்கம் பொன்விளைந்த களத்தூரில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் வாங்கி, வாத்தியார் வேலை பார்த்து, அப்படியே சேலம் வந்து சேர்ந்தார். 1881-ல் வக்கீல் ஆனார். நகராட்சி உறுப்பினராகவும் இருந்தார். இதுவரைக்கும் சாதாரணக் கதைதான்.

1882-ல் சேலத்தில் இந்து முஸ்லிம் கலவரம் வெடித்தது. கலவரத்தைத் தூண்டிவிட்டவர் என்று இவர் மேல் வழக்கு. பத்து வருஷம் தண்டனை விதித்தார்கள். வக்கீலாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. மேல்முறையீட்டில் குற்றம் நிற்கவில்லை, விடுதலையானார்.

தப்பிச்சோம், பொழச்சோம்னு வீட்டுக்குப் போயிருக்கலாம். இவர் போகவில்லை. அதே வழக்குகளில் அந்தமானுக்கு அனுப்பப்பட்டவர்களை மீட்கவும் பாடுபட்டார். இன்னொரு கணக்கும் பாக்கி இருந்தது. கலவரத்தைச் சாக்காக வைத்து சர்க்கார் அவரை நகராட்சிப் பதவியிலிருந்து நீக்கியிருந்தது. என்னை நீக்கியது செல்லாது, நஷ்டஈடு கொடு என்று இந்தியாவுக்கான மந்திரி மேலேயே கேஸ் போட்டார். லண்டனில் உட்கார்ந்து இந்தியாவை ஆண்ட மந்திரி! வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. தீர்ப்பு இவர் பக்கம். கிடைத்த நஷ்டஈடு 100 ரூபாய்.

தொகையைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். வெள்ளைக்கார கவர்னர் போட்ட உத்தரவு தப்பு, அதற்கு சர்க்காரே பொறுப்பு என்று சர்க்காரின் கோர்ட்டே எழுதிக்கொடுத்தது. அதுவும் 1884-ல், காங்கிரஸ் பிறப்பதற்கு ஒரு வருஷம் முன்பு. அரசு இழைத்த தவறுக்கு அரசிடமே நஷ்டஈடு கேட்க முடியுமா என்ற விவாதம் வரும்போதெல்லாம் இந்தத் தீர்ப்பைப் பின்னாளில் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். என் கணக்கில், அவர் பின்னால் வகித்த எல்லாப் பதவிகளையும்விட இந்த நூறு ரூபாய் பெரிசு.

அதே காலத்தில் பிரேசிலில் ரூயி பார்போசா என்றொரு சட்ட அறிஞர் இருந்தார். இவரைவிட மூன்று வயது மூத்தவர், நிதி மந்திரியாகவும் இருந்தவர். அரசு பிடித்து அடைத்தவர்களை விடுவிக்கச் சொல்லி 1892-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். தோற்றார். அது சுதந்திர நாடு, இது அடிமை நாடு. சேலத்து வக்கீல் ஜெயித்ததன் எடை அப்போதுதான் தெரிகிறது.

அப்புறம் நடந்ததெல்லாம் வேகமான ஏற்றம். 1887-ல் காங்கிரசுக்கு விதிகள் எழுதிய குழுவில் இருந்தார், 1895-ல் சென்னை சட்டசபை, 1913-ல் டெல்லி சட்டசபை. தென்னாட்டுச் சிங்கம்னு பட்டமும் சேர்ந்தது.

1920 டிசம்பரில் நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை இவர். அங்கேதான் காந்தியின் ஒத்துழையாமைத் தீர்மானம் உறுதியானது. வக்கீல்கள் கோர்ட்டை விட்டு வெளியே வரவேண்டும் என்பதும் அதில் ஒன்று. கோர்ட்டை வைத்தே சர்க்காரை மடக்கிய மனுஷன், கோர்ட்டே வேண்டாம் என்று சொன்ன மாநாட்டுக்குத் தலைவர்! மேடையிலேயே காந்தியோடு கருத்து மாறுபட்டார், ஆனாலும் தீர்மானம் நிறைவேறியது. 1900-ல் சேலத்தில் தொழில் தொடங்கி, அதே நகராட்சிக்கு 1917-ல் தலைவரான ராஜாஜி, காந்தி பின்னால் போய் வக்கீல் தொழிலையே விட்டுவிட்டார்.

பெரியவர் சேலத்திலேயே இருந்தார். 1944 ஏப்ரலில், 91 வயதில், அங்கேயே காலமானார்.