தொட்டிக்குள் ஒரு தொட்டி! வாஷிங் மெஷின் உள்ளே என்ன நடக்கிறது?

களையெடுப்பு, மருந்தடிப்பு, மாட்டுத்தொழுவ வேலை எல்லாம் முடிந்த பிறகும் துணி துவைக்கும் வேலை மிச்சமிருக்கும். பெரும்பாலான வீடுகளில் அது பெண்களின் தலையில்தான் விடிகிறது. அதனால்தான், அறுவடைப் பணம் கைக்கு வந்ததும் ‘ஒரு ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின் வாங்கலாமா?’ என்ற பேச்சு கிராமத்து வீடுகளிலும் எழுகிறது. உப்புத் தண்ணீருக்கும், ஏறி இறங்கும் கரன்ட்டுக்கும் அது தாங்குமா என்ற தயக்கமும் கூடவே வருகிறது. உள்ளே நடப்பது புரிந்துவிட்டால், இதற்கெல்லாம் விடை தானாகக் கிடைத்துவிடும்.

ஆடினாலும் அடங்கும் பெட்டி

பெட்டிக்குள் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு தொட்டிகள் இருக்கின்றன. வெளித்தொட்டி தண்ணீரைப் பிடித்து வைக்கும். உள்தொட்டிதான் துணி போடும் டிரம். அதில் சல்லடை போலத் துளைகள் இருக்கும். இந்த இரண்டும் தரையில் உட்காருவதில்லை. கம்பிகளிலோ ஸ்பிரிங்குகளிலோ தூளிபோல் தொங்குகின்றன. டிரம் வேகமாகச் சுற்றும்போது ஆட்டம் பெட்டிக்குப் பரவாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. முன்பக்கம் கதவுள்ள ஃப்ரன்ட் லோடு மெஷின்களில், ஆட்டத்தை அடக்குவதற்காகவே கான்கிரீட் கட்டிகளையும் வைத்திருப்பார்கள். 1937-ல் அமெரிக்காவில் பெண்டிக்ஸ் நிறுவனம் கொண்டுவந்த ஆட்டோமேட்டிக் மெஷினைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டியிருந்தது.

தண்ணீர் அளவு எப்படித் தெரிகிறது?

பட்டனை அழுத்தியதும், குழாயோடு இணைந்த மின்சார வால்வு திறந்து தண்ணீர் உள்ளே வரும். போதும் என்பதை மெஷின் காற்றை வைத்துக் கண்டுபிடிக்கிறது. டம்ளரைக் கவிழ்த்துத் தண்ணீருக்குள் அமுக்கினால், உள்ளே இருக்கும் காற்று கையை எதிர்த்துத் தள்ளும் அல்லவா? அதேபோல, வெளித்தொட்டியின் அடியிலிருந்து ஒரு சின்ன டியூப் மேலே போகிறது. தண்ணீர் ஏற ஏற, டியூபில் அடைபட்ட காற்று அழுத்தப்படும். அந்த அழுத்தத்தை அளந்து வால்வு மூடிக்கொள்ளும்.

அடுத்தது துவைப்பு. டாப் லோடு மெஷினில் அடியில் இருக்கும் தட்டு முன்னும் பின்னும் சுழன்று தண்ணீரைக் கலக்கும். இது கையால் கசக்குவதுபோல. ஃப்ரன்ட் லோடில் டிரம்மே சுற்றி, துணியை மேலே தூக்கிக் கீழே போடும். இது கல்லில் அடித்துத் துவைப்பதுபோல. அதற்குத் தண்ணீர் கொஞ்சம் போதும். ஒரு முறை துவைக்க ஃப்ரன்ட் லோடுக்குச் சுமார் 50 லிட்டர் ஆகும். டாப் லோடுக்கு 100 லிட்டரையும் தாண்டலாம்.

பிறகு அழுக்குத் தண்ணீர் வெளியேறும். நல்ல தண்ணீரில் அலசிய பின், டிரம் நிமிடத்துக்கு 700 முதல் 1,400 சுற்றுகள் வரை சுழலும். துணி டிரம் சுவரில் ஒட்டிக்கொள்ள, தண்ணீர் மட்டும் துளைகள் வழியாகத் தெறித்து வெளியேறும். கனமான போர்வையை ஒற்றையாகப் போட்டால் எடை ஒரே பக்கம் சாய்ந்துவிடும். மெஷின் சுற்றாமல் நின்றுவிடுவது பெரும்பாலும் இதனால்தான். கூடவே இரண்டு மூன்று துணிகளைப் போட்டால் சரியாகிவிடும்.

வீடுகளில் எழும் கேள்விகள்

‘எங்கள் தொட்டி உயரம் போதுமா?’

உள்ளே வரும் வால்வு திறக்கவே ஓரளவு தண்ணீர் அழுத்தம் தேவை. பல மெஷின்களுக்குக் குழாயிலிருந்து 10 முதல் 16 அடி உயரத்தில் தொட்டி இருக்க வேண்டும். குறைந்த அழுத்தத்தில் இயங்கும் மாடல்களும் உண்டு. தொட்டி உயரத்தை அளந்துகொண்டு கடைக்குப் போவது நல்லது. குழாயே இல்லாத வீட்டுக்கு, வாளியில் ஊற்றும் செமி ஆட்டோமேட்டிக்தான் பொருந்தும்.

‘போர் தண்ணீர் உப்பாக இருக்கிறதே?’

கடின நீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்பின் வேலையைக் கெடுக்கும். தண்ணீரைச் சூடாக்கும்போது ஹீட்டரில் வெள்ளைப் படிவமாக ஒட்டிக்கொள்ளும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, துணி இல்லாமல் படிவம் நீக்கும் பவுடரைப் போட்டு ஓட்டலாம். அதோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்த்துவிடக் கூடாது. நச்சு வாயு கிளம்பும். மணல் வந்தால், தண்ணீர் நுழையும் இடத்தில் இருக்கும் சின்ன வலையைக் கழற்றிக் கழுவ வேண்டும். நுரை அதிகம் வந்தால் அழுக்கு நன்றாகப் போகும் என்பது தவறு. ஃப்ரன்ட் லோடில் நுரை மெத்தைபோல நின்று, துணி அடிபடாமல் தடுத்துவிடும்.

‘கரன்ட் பில் எகிறுமா?’

மோட்டாரைவிட ஹீட்டர்தான் அதிகம் இழுக்கும். சுமார் 2,000 வாட். பச்சைத் தண்ணீரில் துவைத்தால் ஒரு முறைக்குப் பெரும்பாலும் அரை யூனிட்கூட ஆகாது. ஆனால், எர்த் இல்லாத பிளக்கில் மெஷினை மாட்டவே கூடாது. ஈரத்தரையும் கசியும் கரன்ட்டும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. வயரை எலி கடிக்காமலிருக்க, அடிப்பகுதியை வலைத் தகட்டால் மூடுவதும் அவசியம்.

‘மருந்தடித்த துணியைப் போடலாமா?’

மற்ற துணிகளோடு, குறிப்பாகக் குழந்தைகள் துணியோடு போடவே கூடாது. கையுறை போட்டுக்கொண்டு தனியே அலசி, பிறகு தனியாகச் சூடான தண்ணீரில் துவைக்க வேண்டும். அதன்பின் சோப்புத்தூள் மட்டும் போட்டு, மெஷினைக் காலியாக ஒருமுறை ஓட்ட வேண்டும். தண்ணீர் கலக்காத மருந்து ஊறிய துணியைத் துவைக்கவே வேண்டாம், அப்புறப்படுத்துவதுதான் பாதுகாப்பு.

‘வெளியேறும் தண்ணீரைச் செடிக்கு விடலாமா?’

சாதாரணத் துணி துவைத்த தண்ணீரை வாழை, கல்வாழை போன்றவற்றுக்கு விடலாம். ஒரே இடத்தில் தொடர்ந்து விட்டால் சோடியம் சேர்ந்து மண் இறுகும். இடம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கீரை, காய்கறிப் பாத்திகளுக்கு வேண்டாம். மருந்துத் துணி துவைத்த தண்ணீர் கிணறு, குளம், மாட்டுத்தொட்டிப் பக்கம் போகவே கூடாது.

பொருத்தும் நாளில் மூன்று கவனம்

ஃப்ரன்ட் லோடின் பின்பக்கம், வண்டியில் வரும்போது டிரம் ஆடாமலிருக்கப் போட்ட போல்ட்டுகள் இருக்கும். அவற்றைக் கழற்றாமல் ஓட்டினால் மெஷின் குதிக்கும். ஃப்ரன்ட் லோடின் கழிவுக்குழாய் இடுப்பளவு உயரத்தில் இருக்க வேண்டும். தரையில் போட்டால், உள்ளே வரும் தண்ணீர் அப்படியே வடிந்துகொண்டே இருக்கும். பம்ப் இல்லாத டாப் லோடுக்கு நேர்மாறாக, குழாய் தரையோடு தாழ்ந்திருந்தால்தான் தண்ணீர் வடியும். நான்கு காலும் ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்து, முதல் துவைப்பை, பொருத்த வந்தவர் எதிரிலேயே ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.