வைக்கோலுக்கு உறை ஊற்றுகிறவர்கள்

வேகவைத்து ஆறிய வைக்கோலில் ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிழிகிறார் காளான் வளர்க்கும் ஓர் அம்மா. சொட்டு விழவில்லை, உள்ளங்கை மட்டும் ஈரமாகிறது. "பதம் சரி" என்று பையை எடுக்கிறார். அறுபது, அறுபத்தைந்து விழுக்காடு ஈரத்தை அந்தக் கை அளந்துவிட்டது. கூடினால் வைக்கோல் அழுகும். குறைந்தால் சிப்பிக் காளான் பரவாது.

வைக்கோலின் விறைப்புக்குக் காரணம் லிக்னின் என்ற பொருள். மாட்டின் நான்கு அறை வயிற்றாலும் அதைச் செரிக்க முடிவதில்லை. வயிறே இல்லாத காளான் செரிக்கிறது! தன் நொதிகளை வைக்கோல்மீது கசியவிட்டு, வெளியிலேயே சமைத்து, கரைந்த சத்தை உறிஞ்சிக்கொள்கிறது. காட்டு மரங்களில் தழைச்சத்து போதாதபோது வேட்டையும் ஆடும்: இழையைத் தீண்டும் நூற்புழுவை நஞ்சால் முடக்கி, அதன் உடலுக்குள் புகுந்து தின்றுவிடும்.

இத்தனை வல்லமை இருந்தும், பச்சைப் பூஞ்சாணம் முந்திக்கொண்டால் காளான் தோற்றுவிடும். அதனால்தான் வைக்கோலை நாலைந்து மணி நேரம் ஊறவைத்து, ஒரு மணி நேரம் வேகவைக்கிறார்கள். பிறகு பாலித்தீன் பையில் ஓர் அடுக்கு வைக்கோல், அதன்மேல் வித்து, மறுபடி வைக்கோல். வித்து என்பது விதையல்ல; காளான் இழை படர்ந்த சோள மணிகள். பாலுக்கு உறை ஊற்றுவது போலத்தான். ஒவ்வொரு மணியிலிருந்தும் இழை கிளம்ப, 15 முதல் 20 நாளில் பை முழுக்க வெள்ளையாக உறைந்துவிடும்.

காளான் வளர்க்க வயல் வேண்டாம். வீட்டுப் பின்கட்டில் ஓர் ஓலைக் கொட்டகை போதும். நிலமில்லாத பெண்களுக்கு இதைவிடப் பொருத்தமான தொழில்கள் குறைவு என்பேன். முதல் பைகளுக்கான பணத்தை மகளிர் சுயஉதவிக் குழுக் கடனாக வாங்கலாம்.

வெள்ளையாக உறைந்த பையைக் கிழித்து, ஈரச் சாக்குகள் தொங்கும் கொட்டகையில் வைத்தால் குண்டூசித் தலை அளவில் மொட்டுகள் எட்டிப் பார்க்கும். மூன்றாம் நாளே அவை உள்ளங்கை அகலம். விளிம்பு சுருளும் முன் பறித்தாக வேண்டும். தாமதித்தால் காளானிலிருந்து கண்ணுக்குத் தெரியாத வித்துத்தூள் பறந்து இருமல் வரும். பறிக்கிறவர் மூக்கையும் வாயையும் முந்தானையால் கட்டிக்கொள்கிறார்.

காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். வெயில் ஏறினால் வாடும். அதனால் விடியும் முன்பே தராசு வெளியே வந்துவிடுகிறது. கிழித்த பை மறுபடி தண்ணீர் குடித்து, அடுத்த மொட்டுக்குத் தயாராகிறது.