கேளாக் குழந்தையும் பெற்றோர் எதிர்பார்ப்பும்

பிறந்த குழந்தையிடம் பெற்றோர் எதிர்பார்ப்பன பல. அவற்றுள் முதலாவது, அது தங்களை வாய்விட்டு அழைக்க வேண்டும் என்பதே. மழலையைக் குழலினும் யாழினும் மேலாக வைத்துப் போற்றிய மக்கள் அல்லவா நாம்? ஆதலால், குழந்தைக்குச் செவிப்புலன் இல்லை என்று மருத்துவர் அறிவிக்கும்போது, பெற்றோர் வாயிலிருந்து எழும் முதற் கேள்வி பெரும்பாலும் காதைப் பற்றியதாக இருப்பதில்லை. "பேசுமா, ஐயா?" என்றுதான் கேட்கின்றார்கள். இயற்கையான கேள்விதான். ஆயினும் அந்த ஒரு கேள்வி அக்குழந்தையின் கல்வி முழுவதையும் எவ்வாறு ஒரு பக்கமாகச் சாய்த்துவிடுகின்றது என்பதைப் பற்றி நேயர்களிடம் சிறிது பேச விரும்புகின்றேன்.

2011ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கின்படி நம் நாட்டில் செவிப்புலன் குறையுடையோர் 50 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள். 5 முதல் 19 வயதுக்குட்பட்ட, ஏதேனும் ஓர் உடற்குறையோ மனக்குறையோ உடைய பிள்ளைகளுள் நூற்றுக்கு 61 பேர் கல்விச் சாலைகளில் பயின்று வந்தனர் என்றும், 27 பேர் பள்ளி வாயிலையே மிதித்திராதவர்கள் என்றும் அதே கணக்கு கூறுகின்றது. பள்ளிக்குப் போகாதவர் நிலை ஒரு புறம் இருக்கட்டும். பள்ளியில் பத்தாண்டு உட்கார்ந்திருந்தும் ஒரு கடிதம் எழுதத் தெரியாமல் வெளிவரும் கேளாப் பிள்ளைகளின் நிலை என்ன? அதுவே என் கவலை.

"ஊமை" என்ற சொல்லை நாம் எளிதில் வழங்கிவிடுகின்றோம். இக்குழந்தைகளுள் மிகப் பெரும்பாலோருக்குத் தொண்டையிலோ நாவிலோ யாதொரு குறையும் இல்லை. கேளாமையினால் பேச்சு வரவில்லை, அவ்வளவே. இவ்வுண்மை தெரியாமையால் எத்தனை வீடுகளில் நாவில் வசம்பு தேய்த்துக் காலம் கழிக்கின்றார்கள்! "அவன் தகப்பனாரும் நாலு வயதில்தான் பேசினார்" என்று சொல்லும் பாட்டி நல்லெண்ணத்தோடுதான் சொல்கின்றாள். ஆனால் அந்த ஆறுதலுக்கு விலையாகப் போவது குழந்தையின் முதல் மூன்று ஆண்டுகள். மொழியை வேரூன்றச் செய்வதற்கென்று மனித மூளைக்கு வாய்த்த பருவம் அது. பின்னால் வரும் எந்தப் பள்ளியும் அதனை முழுவதும் மீட்டுக் கொடுக்க இயலாது. பிறந்த ஒரு மாதத்துக்குள் செவியைச் சோதிக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் குறையை உறுதி செய்ய வேண்டும், ஆறு மாதத்துக்குள் உதவியைத் தொடங்க வேண்டும் என்று இத்துறை வல்லுநர் வகுத்திருக்கும் கணக்கின் பொருள் இதுதான். உறங்கும் குழந்தையின் காதில் மெல்லிய ஒலியை அனுப்பி, உட்காது அதற்கு விடையளிக்கின்றதா என்று பார்க்கும் சோதனைக்குச் சில நிமிடமே ஆகும், நோவும் இல்லை.

பேச்சு வேறு, மொழி வேறு. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இந்த வேறுபாடு மிக முக்கியமாகப் படுகின்றது. பேச்சு என்பது மொழி வெளிப்படும் வழிகளுள் ஒன்று. கைகளும் முகமும் மற்றொரு வழி. மத்திய அமெரிக்காவிலுள்ள நிகராகுவா நாட்டில், 1970களின் இறுதியிலும் 80களின் தொடக்கத்திலும், அதுவரை வீடுகளில் தனித்தனியே அடைபட்டுக் கிடந்த கேளாக் குழந்தைகளை முதன்முறையாகப் பள்ளிகளில் ஒன்றுசேர்த்தார்கள். ஆசிரியர்கள் உதட்டசைவைக் கற்பித்துக்கொண்டிருக்க, குழந்தைகளோ விளையாட்டுத் திடலிலும் வண்டியிலும் தமக்குள் சைகை செய்து, சில ஆண்டுகளில் இலக்கணம் அமைந்த ஒரு புது மொழியையே படைத்துக்கொண்டார்கள். எவரும் அவர்களுக்கு அதனைக் கற்பிக்கவில்லை.

உதட்டைப் பார்த்தே எல்லாவற்றையும் அறிந்துகொள்ளலாம் என்று எண்ணுவோர், கண்ணாடி முன் நின்று, ஒலியெழுப்பாமல், "பணம்" என்றும் "மணம்" என்றும் சொல்லிப் பார்க்கட்டும். "பாடு", "மாடு" இவற்றையும் சொல்லிப் பார்க்கட்டும். உதடு இரண்டுக்கும் ஒன்றே. தொண்டையில் பிறக்கும் ககரமோ கண்ணுக்கே தெரியாது. இப்படி அரைகுறையாகக் கிடைக்கும் குறிப்புகளைக் கொண்டு ஒரு குழந்தை பின்னமும் பூகோளமும் கற்க வேண்டும் என்றால் அது கொடுமையே.

இக்கொடுமைக்கு ஒரு வரலாறு உண்டு. 1880ஆம் ஆண்டு இத்தாலியின் மிலான் நகரில் கூடிய கேளாதோர் ஆசிரியர் மாநாடு, சைகையைத் தள்ளி, வாய்ப்பேச்சு முறையே உயர்ந்தது என்று தீர்மானித்தது. வாக்களித்தவர்களுள் ஏறக்குறைய அனைவரும் காது கேட்பவர்கள்! அத்தீர்மானத்தின் நிழல் உலகமெங்கும் விழுந்தது. பம்பாயிலும், 1893இல் கல்கத்தாவிலும், பாளையங்கோட்டை முதலிய ஊர்களிலும் அந்நூற்றாண்டின் இறுதியில் நம் நாட்டுப் பள்ளிகள் எழுந்த காலமும் அதுவே. வகுப்பில் கையைக் கட்டிக்கொண்டு உட்காரும் வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. 2010இல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடிய சர்வதேச மாநாடு மிலான் தீர்மானங்களை நிராகரித்து வருத்தமும் தெரிவித்தது. நூற்று முப்பது ஆண்டு! அதற்குள் எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் வந்து போனார்கள்.

இந்தியச் சைகை மொழி என ஒன்று உண்டா என்று சிலர் ஐயுறுகின்றனர். 1970களின் இறுதியில் மதன் வசிஷ்டா, ஜேம்ஸ் உட்வர்ட் முதலிய அறிஞர்கள் டெல்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர் நகரங்களில் வழங்கும் சைகைகளைத் தொகுக்கத் தொடங்கினர். நான்கு நகரங்களிலும் சைகைகளின் பெரும்பகுதி ஒன்றோடொன்று உறவுடையது என்று கண்டனர். அம்மொழிக்கெனத் தனி இலக்கணமும் உண்டு. கேள்விச் சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும். புருவமும் முகமும் அதற்குத் துணை நிற்கும். நம் நாட்டின் நாவு மொழிகள் நான்கு ஊரில் நான்காக இருக்க, கை மொழி மட்டும் ஏறத்தாழ ஒன்றாயிருப்பது வியப்பன்றோ!

கையால் பேசக் கற்றால் வாய் சோம்பிவிடும் என்பது பெற்றோரின் அச்சம். சில ஆசிரியர்களுக்கும் அது உண்டு. ஆனால் கேளாப் பெற்றோருக்குப் பிறந்து, தொட்டிலிலிருந்தே சைகை மொழியில் வளர்ந்த கேளாக் குழந்தைகள், காது கேட்கும் பெற்றோரின் கேளாக் குழந்தைகளை விடப் படிப்பில் முன் நிற்பதை 1960களிலிருந்தே அமெரிக்க ஆய்வுகள் காட்டி வந்துள்ளன. நான் கருவிகளுக்கு எதிரி அல்லேன். உட்காதில் பொருத்தும் மின்கருவியை ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மத்திய அரசாங்கத் திட்டம் ஒன்று இலவசமாக வழங்கிவருகின்றது. பல குழந்தைகள் அதனால் நன்கு பேசுகின்றனர். எல்லோரும் பேசுவதில்லை. அறுவைக்குப் பின் ஆண்டுக்கணக்கில் பயிற்சி வேண்டும். கருவி பழுதானால் செலவு வேண்டும். பேச்சு வரும்வரை குழந்தை மொழியின்றிக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதே என் கட்சி. கருவியும் இருக்கட்டும், சைகையும் இருக்கட்டும்.

எதிர்பார்ப்பின் மறுபக்கம் ஒன்று உண்டு. பேச்சு வரவில்லை என்று கண்டதும் சில பெற்றோர் எல்லா எதிர்பார்ப்பையும் ஒருங்கே கைவிட்டுவிடுகின்றனர். "தையலோ தச்சோ கற்றுக்கொண்டால் போதும்" என்கின்றனர். தையலும் தச்சும் இழிவல்ல. ஆனால் பிள்ளையின் விருப்பம் கேட்கப்படவில்லையே! தேர்வு வாரியங்கள் கேளா மாணவருக்கு ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு அளிக்கின்றன. அன்பினால் அளித்த சலுகை என்பதில் ஐயமில்லை. ஆயினும் மொழிக்கே பட்டினி கிடந்த பிள்ளைக்கு மொழியைக் குறைத்துக் கொடுப்பது எனக்கு முழு மருந்தாகத் தோன்றவில்லை.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கேளாதோருக்கு மிகப் பொருத்தமான மொழியிலும் முறையிலும் கல்வி அளிக்கக் கல்வி நிறுவனங்களைப் பணிக்கின்றது. சைகை மொழி அறிந்த ஆசிரியரை அமர்த்தவும் சொல்கின்றது. குறித்த அளவுக்குக் குறையுடைய பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உண்டு. அருகிலுள்ள பொதுப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்துகொள்ளும் உரிமையும் உண்டு. அருகிலுள்ள பள்ளியே மேல் என்று இன்று பலரும் சொல்கின்றனர். மற்றக் குறைகளுக்கு அது பொருந்தலாம். கேளாப் பிள்ளையின் நிலை வேறு. நாற்பது பிள்ளைகள் நடுவே, சைகை அறிந்தவர் ஒருவரும் இல்லாத வகுப்பில், அவன் ஒருவன் மட்டும் உட்கார்ந்திருந்தால் அதனைச் சேர்த்துக்கொள்ளுதல் என்று எப்படிச் சொல்வது? அடுத்த பெஞ்சில் இருப்பவன் என்ன வேடிக்கை சொன்னான் என்பதுகூட அவனுக்குத் தெரியாது. ஆகவே பள்ளியைத் தேடும் பெற்றோர், கட்டடத்தையும் கட்டணத்தையும் விசாரிப்பதற்கு முன், "இங்கே சைகை அறிந்த ஆசிரியர் எத்தனை பேர்? இவனைப் போன்ற பிள்ளைகள் எத்தனை பேர்?" என்று கேட்பது நலம்.

முன்னைவிட இன்று கற்க வசதி மிகுதி. 2015இல் டெல்லியில் இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் ஏற்பட்டது. 2018இல் அது 3000 சொற்கள் கொண்ட அகராதியைக் காட்சி வடிவில் வெளியிட்டது. 2021இல் அது 10,000 சொற்களாக வளர்ந்தது. பாடநூல்களைச் சைகை மொழியில் பெயர்க்கத் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுவோடு 2020இல் ஓர் உடன்படிக்கையும் ஆயிற்று. 2021 முதல் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இடைநிலைத் தேர்வுக்குச் சைகை மொழியை ஒரு மொழிப் பாடமாகவே வைத்திருக்கின்றது. இவ்வானொலியை அக்குழந்தைகள் கேட்க மாட்டார்கள். அவர்களுடைய தாய் தந்தையர் கேட்கலாம், பாட்டிமார் கேட்கலாம், அண்ணன் தங்கையர் கேட்கலாம். "சாப்பிட்டாயா?", "பள்ளியில் என்ன நடந்தது?", "ஏன் அழுகின்றாய்?" — இம்மூன்று கேள்விகளோடு இன்று மாலையே தொடங்கலாம். வீட்டில் முதலில் தேறுபவர்கள் பெரும்பாலும் கூடப் பிறந்த சிறுவர்களாகத்தான் இருப்பார்கள். பெரியவர்கள் அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.